தேர் உப்பில் விழுந்த தாலிக் குண்டு

அண்ணி மடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளித் தேர் மேல் வீசினாள். கல் உப்பு தேர்ச் சக்கரத்தில் பட்டுச் சிதறிய சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருந்தது. இன்னொரு கை. இன்னொன்று. மடி காலியானதும் முந்தானையை உதறிவிட்டு, கும்பிடுவதற்காகக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். போன கை அங்கேயே நின்றுவிட்டது.

நான் பக்கத்தில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன்.

"என்னுங்க அண்ணி, அம்மன் ஏதாச்சும் காதுல சொன்னாளா?"

அண்ணி என் பக்கம் திரும்பினாள். கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றை மெதுவாக வெளியே இழுத்துக் காட்டினாள். தாலி இருந்தது. தாலிக்கு வலப்பக்கம் ஒரு தங்கக் குண்டு இருந்தது. இடப்பக்கம் இருக்க வேண்டிய குண்டு இல்லை. அதைக் கட்டியிருந்த நூல் மட்டும் அவிழ்ந்து, பல் விழுந்த இடம் மாதிரி தொங்கியது.

"மடியில விழுந்திருக்கோணுங்க தம்பி. உப்போட உப்பா நானே அள்ளி வீசிட்டேன் போலிருக்குது."

"தேடிக்கலாமுங்க."

"யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா அத்தைக்குத் தெரியக் கூடாது."

அண்ணி அத்தை என்று சொல்வது என் அம்மாவை. இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் வரும் இந்தத் தொடரை வாரா வாரம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவன் நான்தான். அம்மாவின் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. இந்த வாரம் மட்டும் ராசிபலனை இழுத்து இழுத்துப் படித்துச் சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

கெட்டிக் குண்டு

அண்ணன் கல்யாணம் முடிந்து சில மாதம் ஆகியிருந்த நேரம். தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு அப்போதுதான் நடந்திருந்தது. வெறும் தாலியாக இருந்ததற்கு இரண்டு பக்கமும் குண்டு சேர்ப்பார்கள். குண்டு போடுவது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அதாவது என் அம்மாவின் பொறுப்பு.

அம்மா தனியாகவே பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய் வாங்கி வந்தாள். அப்பாவைக் கூட்டிப் போகவில்லை. அண்ணன் வருகிறேன் என்றதற்கு, "உனக்கென்னடா தெரியும் தங்கத்தைப் பத்தி, போயி லாரியத் தொடச்சு வை" என்றாள். திரும்பி வந்தபோது ரோஸ் தாளில் மடித்த இரண்டு குண்டு. சுண்டைக்காயில் பாதி அளவு. பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தன.

அன்றிலிருந்து ஊருக்குள் குண்டுப் பேச்சுதான். தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், தேயிலை எடை போடும் இடத்தில்.

"கெட்டிங்க. உள்ளயும் தங்கம், வெளியயும் தங்கம். கடிச்சாப் பல்லு போயிரும்."

யாரும் கடித்துப் பார்க்கவில்லை. பல் முக்கியமில்லையா.

அண்ணியின் பெயர் ருக்மணி. அவளுடைய அப்பா மஞ்சூரில் பஸ் நிற்கிற இடத்தில் சின்ன டீக்கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பால் பொங்கினால்கூட அதைக் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிந்ததைப் போட்டு மகளை அனுப்பினார். அதில் ஒரு ஜோடிக் கம்மல் கொஞ்சம் மெல்லிசு. அம்மா அந்தக் கம்மலை விடவே இல்லை.

"அவங்கூட்டுல போட்ட கம்மலப் பாத்தீங்களா? கூதக்காத்து அடிச்சா அவலாஞ்சிக்குப் பறந்து போயிரும். நான் போட்டதப் பாருங்க. கல்லுங்க, கல்லு."

இப்போது புரிந்திருக்கும். அந்தக் குண்டு தொலைந்தது என்றால், எங்கள் வீட்டில் அண்ணிக்கு ருக்மணி என்ற பெயர் போய்விடும். குண்டைத் தொலைத்தவள் என்பதுதான் பெயர். பேரன் பேத்தி எடுத்தாலும் அதுதான்.

மேலே இருந்து உப்பு, கீழே இருந்து மிளகு

ஊட்டிப் பக்கம் மாரியம்மன் தேர் வந்தால் படுகர் சனங்கள் உப்பை வீசுவார்கள். உப்பு கரைகிற மாதிரி கஷ்டம் கரையட்டும் என்று. சமவெளியிலிருந்து மலையேறி வந்த எங்கள் ஆட்களுக்கோ, உப்போடு மிளகும் சேர்த்துக் கோயிலில் கொட்டுகிற வழக்கம். மரு உதிர, அம்மை இறங்க. எங்கள் எஸ்டேட் கோயிலில் இந்த இரண்டு வழக்கத்துக்கும் எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது. உப்பும் மிளகும் சேர்ந்தே தேர் மேல் பறக்கும்.

அதோடு நிற்குமா? கற்பூரம் ஏற்ற வந்தவர்கள் நெரிசலில் கற்பூரத்தைக் கொட்டுவார்கள். பூ போடுகிறவர்கள் பூ. இடிபட்ட பெண்களின் தலையிலிருந்து கொண்டை ஊசி. கடைசியில் மஞ்சள் தண்ணீர் குடம் குடமாக ஊற்றுவார்கள். எல்லாம் ஒன்றாகிவிடும்.

அம்மன் மேல் பட்ட உப்பைக் கால் மிதிக்கக் கூடாது. அதனால் தேருக்குப் பின்னாலேயே ஆட்கள் துடைப்பத்தோடு வந்து, கூட்டி அள்ளி, கோயிலுக்குப் பின்புறம் குவிப்பார்கள். சாயங்காலம் மாவிளக்கு ஊர்வலம் கிளம்பும் முன் அந்தக் குவியலை மேளத்தோடு கொண்டுபோய் ஓடையில் கொட்ட வேண்டும். ஓடை போய்க் குந்தாவில் சேரும். குந்தா பவானியில் சேரும். குண்டும் கூடவே போய் யாரோ ஒரு சமவெளிக்காரன் வயலுக்கு உரமாகும்.

மாவிளக்கு ஊர்வலத்தில் புது மருமகள்கள் முன்வரிசை. பக்கத்திலேயே மாமியார். ஆகவே எங்களுக்கு ஒரு மத்தியானம் இருந்தது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது குவியல் இடுப்பளவு இருந்தது. அண்ணி மஞ்சளாக எது தெரிந்தாலும் பாய்ந்து எடுத்தாள். எடுத்ததெல்லாம் மஞ்சள் தண்ணீரில் ஊறின உப்புக் கல். அன்றைக்கு அந்தக் குவியலில் மஞ்சளாக இல்லாத பொருளைத் தேடுவதுதான் கஷ்டம்.

நான் படித்த படிப்பு

எட்டாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் கலவைகளைப் பிரிப்பது பற்றிப் பாடம் எடுத்தார். உப்பும் மணலும் கலந்துவிட்டால் எப்படிப் பிரிப்பாய் என்று என்னைக் கேட்டார்.

"மொதல்ல எந்தக் கிறுக்கனுங்க சார் அதைக் கலந்தது?" என்று கேட்டேன்.

மிச்சப் பாடத்தை வராந்தாவில் முட்டி போட்டுக் கேட்டேன். காற்று நன்றாக அடித்தது, பாதிதான் காதில் விழுந்தது. அடுத்த வருஷமே பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்கு எந்தச் சல்லடையும் தேவைப்படவில்லை.

ஆனால் விதியைப் பாருங்கள், எனக்கு வேலை கிடைத்தது டீ ஃபேக்டரியின் சலிப்பு அறையில். அங்கே நாள் முழுக்க இதேதான். காய்ந்த தேயிலை வரும்போது இலை, தூள், குச்சி, நார் எல்லாம் ஒன்றாக வரும். பெரியது சின்னது என்று சல்லடை பிரிக்கும். கனமானதையும் லேசானதையும் காற்றாடி பிரிக்கும். நாரைப் பிடிக்க ஓர் உருளை இருக்கிறது. தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்குமே, அந்த மாதிரி நாரை மட்டும் தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் காற்று ஈரமாகிவிட்டால் அந்த உருளைக்கும் சோம்பல் வந்துவிடும். கடைசியில் ஒரு காந்தம். இயந்திரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

என்னோடு அங்கே வேலை பார்த்தவன் சின்னராசு. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவன் கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பான். அவனுடைய சித்தப்பா தேவாலா பக்கம் ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கத் தூள் எடுக்கிறவர். சின்னராசு ஒருமுறை லீவுக்குப் போய்ச் சித்தப்பாவுக்குத் தட்டுப் பிடித்திருக்கிறான். அன்றிலிருந்து தங்கத்தைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு விசயமா மச்சான்? தங்கம் ராசா மாதிரி. தண்ணியக் கண்டா நேரா அடியில போயி உக்காந்துக்கும். மத்ததெல்லாம் மேல நின்னு கும்புடும். நீ குவியல மட்டும் வாங்கிக் குடு."

மைக் மாமா

குவியலை வாங்க வேண்டிய இடம் தர்மகர்த்தா பொன்னுசாமி மாமா. அவருக்கு அம்மன் மேல் பக்தி அதிகம். மைக் மேல் அதைவிட ஒரு பிடி அதிகம்.

"ஏனுங்க மாமா, இந்த உப்பை இப்படியேவா ஓடையில கொட்டறது?"

"பின்ன, ஊறுகாயா போடறது?"

"அதுக்கில்லீங்க. உள்ள பூரா ஊசியும் ஊக்குமாக் கெடக்குது. ஓடையில தண்ணி குடிக்கிற மாட்டு வாயில குத்துச்சுன்னா அம்மன் யாரக் கேப்பா? என்னையவா கேப்பா? உங்களத்தானுங்க கேப்பா."

மாமா மேளக்காரரைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார்.

"என்ன பண்ணோணுங்கற?"

"நானும் சின்னராசும் சுத்தம் பண்ணிக் குடுத்தர்றோமுங்க. இங்கயே அண்டாவுல கரைச்சு, தண்ணிய ஓடையில ஊத்திக்கலாம். கரைக்கறது எங்க கரைச்சா என்னுங்க? மிளகும் வீணாப் போகாது."

மிளகு என்றதும் மாமா நிமிர்ந்தார். "மிளகைத் தனியா எடுத்தறலாமா? அட, அப்ப நல்லதுதான். பொங்கலுக்கு மிளகு பத்தலைன்னு உங்கம்மா காலையில இருந்து என்னைய வறுத்துட்டிருக்குது."

அம்மாதான் அன்றைக்குச் சமையல் கொட்டகையின் பொறுப்பு. இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சின்னராசு ஃபேக்டரிக்கு ஓடிச் சல்லடையும் காந்தமும் கொண்டுவந்தான். அவன் திரும்பி வருவதற்குள் மாமா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பக்த கோடிகளே! நம்ம சலிப்பு ரூம் முருகேசும் சின்னராசும், நம்ம ஊட்டுப் புது மருமக ருக்மணியும் அம்மன் உப்பைச் சுத்தம் செய்யற திருப்பணியில எறங்கியிருக்காங்க! பாக்கறவங்க வந்து பாத்துப் புண்ணியம் தேடிக்கலாம்!"

ரகசியமாகச் செய்ய வேண்டிய ஒரே வேலையை நான் குழாய் ஸ்பீக்கர் வைத்து ஆரம்பித்தேன்.

புண்ணியம் தேடியவர்கள்

முதலில் சல்லடை. பொடி மண் கீழே இறங்கியது. மேலே கல் உப்பு, மிளகு, கற்பூரம், ஊசி, பூ. எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். டீயில் பெரியது சின்னது பார்த்துப் பிரித்துவிடலாம். இங்கே சல்லடை சமத்துவம் பேசியது.

அண்ணி முறத்தை எடுத்தாள். புடைத்ததில் பூ இதழும் நூலும் தர்ப்பையும் பறந்தன. பாதி, மாமாவின் புது வேட்டியில் போய் உட்கார்ந்தது. அவர் அதை அம்மன் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்தது காந்தம். குவியலுக்குள் விட்டு எடுத்தால் முள்ளம்பன்றி மாதிரி வந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி பாய்ந்தாள்.

"ஏனுங்க, அந்த வளைஞ்ச ஊசி என்னுதுங்க!"

"உன்னுதுன்னு எப்படிச் சொல்ற? எனக்கும் வளைஞ்சதுதான்."

"நான் பல்லுல வெச்சு வளைச்சேன். பாரு, பல்லுத் தடம் இருக்குது."

ஊசியை அவரவரிடம் சேர்ப்பதிலேயே நேரம் போனது. தங்கத்துக்குக் காந்தத்தின் மேல் எந்த ஆசையும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அண்ணி காந்தத்தையே பார்த்தாள்.

பிறகு கற்பூரம். அது கல் உப்போடு கல் உப்பாகக் கிடந்தது, நிறத்தை வைத்தும் பிடிக்க முடியாது. சின்னராசு யோசனை சொன்னான். "பத்த வெச்சுருவோம் மச்சான். கற்பூரம் மட்டுந்தான் மிச்சமில்லாமப் போகும். உப்பு எங்க எரியப் போகுது?"

யோசனை சரிதான். பற்ற வைத்தோம். குவியலின் மேல் அங்கங்கே சின்னச் சின்னச் சுடர் ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முன்னால் நின்றவர்கள் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, தேர்க்கூட்டத்தில் போட முடியாமல் வைத்திருந்த உப்பையும் மிளகையும் "தாயே!" என்று குவியலின் மேல் வீசினாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வீசினார்கள்.

குவியல் பழையபடி இடுப்பளவு ஆனது.

"மச்சான், இது சாமியாயிருச்சு," என்றான் சின்னராசு.

அந்த நேரத்தில் அம்மா வந்தாள். கையில் டீத் தூக்கு. முகத்தில் பெருமை. ஸ்பீக்கர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

"குடிங்கடா. நம்மூட்டுப் பேரை இன்னிக்குத்தான் ஒழுங்கா மைக்குல சொல்றாங்க." பிறகு அண்ணியிடம் திரும்பினாள். "ஏ புள்ள, என்னத்துக்குக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்தியிருக்கற?"

"குளுருதுங்க அத்தை."

"மஞ்சூர்க் குளுருல பொறந்தவளுக்கு இங்க வந்து குளுருதாமா! மாவிளக்கு எடுக்கும்போது குண்டு ரெண்டும் வெளிய தெரியோணும். நாலு பேரு பாக்கத்தான் போட்டிருக்குது. பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டறதுக்கு உங்கூட்டுக் கம்மலா அது?"

அண்ணி தலையை ஆட்டினாள். போர்த்தியிருந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டாள்.

ராசா வரவில்லை

இரண்டு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி உப்பைக் கொட்டிக் கலக்கினோம். பந்திக்கு வைத்திருந்த அகப்பைதான் துடுப்பு. உப்பு கரைந்தது. கரைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் போதும் என்று நின்றுவிட்டது. எவ்வளவு கலக்கினாலும் அதற்கு மேல் அந்தத் தண்ணீர் உப்பை ஏற்கவில்லை. கொஞ்சம் வடித்து, கொஞ்சம் புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கலக்கினோம். மாமா அந்தக் கரைசலைக் குடத்தில் பிடித்து மேளத்தோடு ஓடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சனங்கள் வழியெல்லாம் கும்பிட்டார்கள்.

மிளகு மேலே மிதந்தது. சும்மா தண்ணீரில் பாதி மிளகாவது முங்கும். அந்தக் கெட்டி உப்புத் தண்ணீரில் ஒன்றுகூட முங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் பூரி எடுக்கிற ஓட்டைக் கரண்டியால் வாரி வாரிச் சாக்கில் போட்டோம். கூட வந்த, எரியாமல் மிஞ்சிய கற்பூரத் தூளையும் குப்பையையும் நல்ல தண்ணீரில் அலசி எடுத்துவிட்டு, மாமாவே முறத்தில் ஏந்திச் சமையல் கொட்டகைக்குக் கொண்டுபோனார்.

"முருகேசு, உங்கம்மா வாயை இன்னிக்குத்தாண்டா மூடப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அண்டாவின் அடியில் மணல் மட்டும் மிஞ்சியது. சின்னராசு வேட்டியை மடித்துக் கட்டினான். மணலைப் பெரிய தாம்பாளத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றினான். சுழற்றிச் சாய்த்தான். லேசான மணல் விளிம்பு தாண்டி வழிந்தது. உண்மையில் அழகாகத்தான் செய்தான். இடையிடையே எங்களுக்குப் பாடமும் நடத்தினான்.

"கண்ணு சிமிட்டாமப் பாருங்க அண்ணி. இப்ப வருவாரு பாருங்க ராசா."

ஒரு கண்ணாடி வளையல் துண்டு வந்தது. ஒரு சட்டைப் பித்தான் வந்தது. குழந்தைக் கொலுசின் மணி ஒன்று வந்தது. பிறகு கறுப்பு மணல். பிறகு தாம்பாளத்தின் அடி.

"மறுக்கா பாப்போம்," என்றான். மறுபடியும் தாம்பாளத்தின் அடிதான் வந்தது. வடித்துக் கொட்டிய மணலையும் அள்ளிவந்து அலசினான். பாடம் நடத்துவதை நிறுத்தியிருந்தான்.

"இருந்திருந்தா இருந்திருக்கோணும் மச்சான்," என்றான் கடைசியாக.

"அடடா! இதைச் சொல்லத்தான் தேவாலாவுக்குப் போய்ப் படிச்சியா?"

வழக்கமாக நான் இப்படிச் சொன்னால் அண்ணிதான் முதலில் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். உப்பில் கை ஊறி, விரல் நகத்தைச் சுற்றித் தோல் வெடித்திருந்தது.

"எனக்கு ஏச்சு விழுகறதப் பத்தி இல்லீங்க தம்பி," என்றாள். "அத்தை எங்கப்பனக் கூப்பிட்டு விடுவாங்க. பொருளை வெச்சுக்கத் தெரியாதவளக் கட்டி வெச்சுட்டீங்கன்னு கேப்பாங்க. எங்கப்பன் கடைய அடைச்சுப் போட்டு, வெள்ளை வேட்டி கட்டிட்டு வந்து நிப்பாரு. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டாரு. தலையக் குனிஞ்சிட்டு நிப்பாரு. அதை நான் பாக்கோணுமில்லைங்க, அதான்."

நான் எதையாவது சொல்லித் தொலைப்பவன். அன்று தாம்பாளத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

அப்போது சமையல் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. மைக் இல்லாமலே எஸ்டேட் முழுக்கக் கேட்கும் குரல்.

"ருக்மணீ!"

கொட்டகைக்குள்

மூன்று பேரும் போனோம். பெரிய வாணலியில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் முன்னால் மிளகு முறம். சுற்றி வேலை பார்த்த பெண்களை, "தேங்கா துருவியாச்சான்னு போயிப் பாருங்க, எல்லாருமே போங்க" என்று விரட்டினாள். அவர்கள் போனதும் மூடியிருந்த கையை விரித்தாள்.

உள்ளங்கையில் குண்டு.

"மிளகு பொறுக்கிட்டிருந்தேன். இது எப்படி மிளகுல வந்துச்சு?"

அண்ணி மறைக்கவில்லை. நூல் அவிழ்ந்தது, மடியில் விழுந்தது, உப்போடு வீசியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா இடுப்பில் கை வைத்தாள். மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது வெளியே வரும்போது அண்ணியின் அப்பாவைக் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு வரும்.

"இருங்க ஆத்தா," என்றான் சின்னராசு.

அவன் முகத்தில் நிஜமான குழப்பம். யாரையும் காப்பாற்ற அவன் பேசவில்லை. அவனுடைய சாஸ்திரம் பொய்த்துப் போனதுதான் அவன் கவலை.

"மிளகுலயா இருந்துச்சு? அது நடக்காதே ஆத்தா. மெதந்தத மட்டுந்தான் நாங்க வாரி மிளகுன்னு குடுத்தோம். தங்கம் மெதக்காது. பொட்டு மாதிரி தூளா இருந்தாலே அடியில போயி உக்காரும். இது முழுக் குண்டு. அதுவும் கெட்டிக் குண்டுன்னா..."

நான் அவன் காலை மிதித்தேன். தாமதம். அவனே தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டு நின்றுவிட்டான்.

அது கெட்டிக் குண்டே இல்லை.

மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே கொஞ்சம் மெழுகு, மிச்சம் காற்று. நல்ல தண்ணீரில் போட்டிருந்தால் ஒருவேளை முங்கியிருக்கும். உப்பைக் கரைத்துக் கரைத்துத் தண்ணீரையே நாங்கள் கனமாக்கிவிட்டோம். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கிற மாதிரி குண்டு மேலே வந்துவிட்டது. நாங்கள் அடியில் ராசாவைத் தேடிக்கொண்டிருக்க, ராசா மிளகோடு மிளகாக முறத்தில் ஏறிச் சமையலுக்குப் போயிருக்கிறார்.

அம்மா உள்ளங்கையை லேசாகத் தூக்கி இறக்கினாள், கீரைக்கட்டு எடை பார்க்கிற மாதிரி. பாதியில் நிறுத்திக்கொண்டாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா, அம்மா தெரிந்தே வாங்கினாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஆனால் அந்த முகத்தில் எல்லாம் இருந்தது, ஆச்சரியம்தான் இல்லை.

அண்ணி குண்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. காதில் கிடந்த மெல்லிசுக் கம்மல் ஆடியது. நான் அவளாக இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தின் மிச்சம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

"கெட்டித் தங்கந்தானுங்களே அத்தை," என்றாள் அண்ணி மெதுவாக. "அம்மன் சும்மா இருப்பாளா? மெதக்க வெச்சுக் குடுத்துட்டா."

அம்மா வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள்.

"என்னது? தங்கம் மெதந்துச்சா?"

வாசலில் பொன்னுசாமி மாமா. பொங்கல் எப்போது ஆகும் என்று கேட்க வந்தவர், கேட்க வந்ததைக் கேட்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கைப் பார்த்து ஓடினார்.

அம்மன் அருள்

"பக்த கோடிகளே! அதிசயம்! நம்ம அம்மன் உப்புத் தண்ணியில கெட்டித் தங்கம் மெதந்திருக்குது! கெட்டித் தங்கம்!"

கெட்டி என்ற சொல்லை அவர் அன்று எத்தனை முறை சொன்னாரோ, அத்தனை முறையும் அம்மா ஒரு அங்குலம் குட்டையானாள்.

மாவிளக்கு வரிசைக்கு முன்னால் அம்மாவே குண்டைக் கோர்த்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி போட்டாள். அண்ணி கழுத்தைத் தாழ்த்தி, பொறுமையாக நின்றாள். அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. கும்பிட்டார்கள், எட்டிப் பார்த்தார்கள். உப்பை வீசிக் குவியலைப் பெரிசாக்கிய அதே பெரியம்மா முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"கையில கொஞ்சம் குடு தாயீ. அம்மன் தொட்டது. கனத்தப் பாத்துட்டுக் கண்ணுல ஒத்திக்கறேன்."

அம்மா அண்ணியைப் பார்த்தாள். எத்தனையோ பேரை அம்மா பார்த்திருக்கிறாள், அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. அம்மாவுக்குக் கெஞ்சத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணி அவசரப்படவில்லை. முந்தானையை எடுத்து நெஞ்சின் மேல் நன்றாகப் போர்த்திக்கொண்டாள்.

"சாமி பட்டதுங்க ஆத்தா. கண்ணால பாத்தாப் போதும். எங்கத்தை யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஆமாங்," என்றாள் அம்மா. அவளுடைய சத்தத்துக்கு அது சத்தமே இல்லை.

ஊர்வலம் முடிந்து பந்தி உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்ததுமே தெரிந்தது. பொங்கலில் நெய் இருந்தது. மிளகு தூக்கலாகவே இருந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை. குண்டு கையில் கிடைத்த நேரத்தில் அம்மா போட மறந்திருக்கிறாள்.

"யாரப்பா அங்க, உப்புக் கொண்டாங்க!" என்று மாமா கத்தினார்.

கடையிலிருந்த உப்பெல்லாம் தேர் மேல் போயிருந்தது. தேர் மேல் போன உப்பெல்லாம் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. சனங்கள் இலையைப் பார்த்தார்கள். அம்மா கரண்டியோடு வரிசையின் நடுவில் நின்றாள். மருமகள் வைத்த குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கப் பேசுகிறவள், யார் முதலில் வாய் திறப்பார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி தன் இலையில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"நல்லாருக்குங்க அத்தை. இன்னுங் கொஞ்சம் வைங்க."

அம்மா வைத்தாள். இரண்டு கரண்டி.